முகத்துவாரக் கூட்டத்தில் ஒரு வாய்ப்பான வாதம்

மச்சான்,

காலையில் படுவான்கரை வட்டைக்கு, என் வயலைப் பார்க்கப் போனேன். வெள்ளத்துக்குள் கிடந்த வெள்ளாமை அழுகி நாறுகிறது. அந்த நாற்றத்தில் முதலில் ஞாபகம் வந்தவன் நீதான். செத்தவனைத் திட்டக்கூடாது என்பார்கள். நீ விதிவிலக்கு.

ஒரே பள்ளிக்கூடத்தில் இருவரும் உயர்தர வகுப்புக்கு அளவையியல் படிப்பித்தோம். உனக்கு அது வெறும் வடிவம். எடுகூற்றுகளிலிருந்து முடிவு ஒழுங்காக வந்தால் போதும், வாதம் 'வாய்ப்பானது' என்பாய்; ஊர் எரிந்தாலும் உனக்குக் கவலையில்லை. எனக்கு அது மண்வெட்டி. வேலைக்கு உதவாவிட்டால் எறிந்துவிட வேண்டியதுதான். "உதவுறதெல்லாம் சரியெண்டா, பொய்யும் சரிதானே?" என்று இளிப்பாய்.

அன்றைய முகத்துவாரக் கூட்டத்தை மறக்க முடியுமா? வாவி நிரம்பி வயலுக்குள் ஏறியிருந்தது. வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடச் சொல்லி விவசாயிகள் கத்தினார்கள். இறால் போய்விடும் என்று மீன்பிடிகாரர் மறித்தார்கள். நீ பெரிய மேதைபோல் எழும்பினாய்.

"வெட்டினா இறால் போகும். வெட்டாட்டி வெள்ளாம போகும். ஒண்டில் வெட்டுவம், இல்லாட்டி விடுவம். ஆகவே ஒண்டில் இறால் போகும், இல்லாட்டி வெள்ளாம போகும்."

பின்வரிசையில் ஒருவர், "ஓம் சேர், அதுக்குத்தானே கூட்டம்?" என்றார். சபையே சிரித்தது. "ஆனா வாதம் வாய்ப்பானது," என்று என் காதுக்குள் சொன்னாய். வெட்கம் கெட்டவன்.

இந்த முறைக் கூட்டத்துக்கு, நீ இல்லை என்று நிம்மதியாகப் போனேன். என் வயலிலும் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. எங்கள் பக்கத்து விவசாயி ஒருவர் எழும்பினார். "போன முறை வெள்ளென, வாவி நிரம்ப முந்தியே வெட்டின. வெள்ளாம நல்லா வந்த. அப்ப இந்த முறையும் வெள்ளென வெட்டுறதுதான் சரி." அதிகாரி தலையாட்டிக்கொண்டே பேனையை எடுத்தார். நான் சும்மா இருந்தால் போதும். என் கொள்கைப்படி அதைவிட உதவியான பேச்சு வேறு இல்லை.

எழும்பிவிட்டேன், மச்சான். "போன முறை மழை குறைவு. வெட்டாம விட்டிருந்தாலும் விளைஞ்சிருக்கும். அதில இருந்து இது வராது," என்றேன். அதிகாரி பேனையை வைத்தார். முடிவு தள்ளிப்போனது. வயல் போனது.

இத்தனை வருடம் உன்னை நக்கலடித்தும் பயனில்லை. உன் சனியன் என்னைப் பிடித்துவிட்டது. "வாய மூடிக்கிட்டு இருக்க ஏலாதா உங்களுக்கு?" என்று மனைவி அழுதாள்.

"ஏலாது," என்றேன். "அந்த வாதம் பிழை."

ஓம், பிழைதான் என்று சொல்ல இந்த ஊரில் நீ ஒருவன்தான் இருந்தாய். நீயும் போய்விட்டாய், நாசமாய்ப் போனவனே.