சாமி படத்துக்குப் பின்னால்

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அங்கே குறையில்லாமல் இருக்கத் தினமும் வேண்டிக்கொள்கிறேன், அதாவது வாய் வேண்டிக்கொள்கிறது.

மாப்பிள்ளை பழைய ஃபைபர் படகு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார், அடுத்த மாதம் முன்பணம் கொடுக்கப் போகிறார் என்று போனில் சொன்னாய். போனில் எல்லாம் சொல்லி முடியாது, அதனால் எழுதுகிறேன். வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை, தட்டிப் பார்க்காமல் வாங்க வேண்டாம். அப்பாவின் படகை விற்றுவிட்டு உங்களோடு வந்துவிடச் சொன்னாய் அல்லவா, போன வாரம் ஆள் வந்தது. ஓய்வுபெற்ற வாத்தியார். சுற்றிச் சுற்றி வந்து, புதுசு மாதிரி இருக்கே என்றார். இருக்காதா, அப்பா கண்ணை மூடுவதற்கு முந்தின மாதம்தானே பெயின்ட் அடித்தார், வீட்டுச் சுவருக்கு ஒரு நாள் அடித்திருப்பாரா. வாத்தியார் பையைத் திறக்கப் போனார், நான்தான் எதற்கும் மெக்கானிக் பார்த்துவிடட்டும் என்றேன். படகு முழுக்க ஃபைபர் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம், க்ரீம் பிஸ்கட் மாதிரி ஃபைபர் இரண்டு பக்கமும், நடுவில் லேசான மரமுமாம். மெக்கானிக் திருப்புளிக் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனான், டக் டக் என்று கேட்டது. முன்பக்கம் சாமி படம் மாட்டிய இடம் வந்ததும் ஈர மெத்தையை அடித்த மாதிரி பொத்தென்றது. அக்கா, சாமியைக் கொஞ்சம் கழட்டட்டுமா, கோவிச்சுக்காதீங்க என்றான். நான்கு திருகாணியும் விரலாலேயே வந்துவிட்டன. பின்னாலேயே டீ நிறத்தில் தண்ணீர் வழிந்தது. உள்ளே மரம் ஊறிய டீத்தூளாக இருந்தது. அந்தத் திருகாணி ஓட்டைகளை அடைக்காமல் விட்டதில் தண்ணீர் இறங்கி ஒரு பக்கத்து மரம் முழுக்க அழுகிப் போய்விட்டதாம். வாத்தியார் பரவாயில்லம்மா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எஞ்சினை மட்டும் மெக்கானிக் எடுத்துக்கொண்டான், மற்றதை அறுக்க வேண்டியதுதான்.

அப்பாவுக்குச் சாமி பூதம் எதுவும் கிடையாது, உனக்குத் தெரியும். தனியாகத் தண்ணீரில் போகிறாரே என்று நான் அரித்தது தாங்காமல்தான் அந்தப் படத்தை மாட்டினார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே, உன் ஆளையும் பத்திரமா கூட்டிட்டு வந்துட்டேன், சோத்தைப் போடு என்பார். படகைப் பார்த்து, கூட வந்திருந்த உன் சித்தி அழுதாள். நான் திருகாணிகளைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டு விஷயம் மாதிரி நின்றேன். அப்பா போன அன்றைக்கும் அழுகை வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. படத்தைத் துடைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். இன்னும் விளக்கு ஏற்றவில்லை.

மாப்பிள்ளையை எல்லா இடமும் தட்டச் சொல், ஆணியும் கொக்கியும் இருக்கிற இடத்தில் இரண்டு தடவை. தளத்தில் ஏறி மிதிக்கட்டும், அமுங்கினால் வேண்டாம். புது பெயின்டைக் கண்டு மயங்க வேண்டாம். விற்கிறவன் கூட்டி வரும் ஆள் வேண்டாம், தெரிந்த ஆளாகப் பார்க்கட்டும். நான் எழுதினேன் என்று சொல்லாதே, மாமியார் படகு எஞ்சினியர் ஆயிட்டாங்களா என்று சிரிப்பார்.

எல்லோரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே, படகு வாங்கினால் சாமி படத்தை ஆணி அடித்து மாட்டாதே, கைப்பையில் வைத்துக்கொள். சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உன் அம்மா