எங்களை விசாரிக்க வந்த ஜோர்டிக்காரர்

வெக்ஸ்போர்ட், ரொறன்ரோ
18.03.96

அன்பு மகள் சாம்பவிக்கு அம்மா எழுதுவது,

நானும் அப்பாவும் தம்பியும் கடவுள் புண்ணியத்தில் சுகம், நீயும் சுகமாக, கோபம் கொஞ்சம் ஆறி இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். நீ ரெலிபோனை அடித்து வைத்து மூன்று கிழமையாகிறது, அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. இங்கே பனி இன்னும் போகவில்லை. தம்பி துஷாந்த் ஒரு காதில் கடுக்கன் குத்திக்கொண்டு வந்து நிற்கிறான், உன்னுடைய கலியாணப் பிரச்சினையில் அப்பாவுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை, அக்காவுக்குத் தன்னுடைய நன்றியைச் சொல்லச் சொன்னான், சொல்லிவிட்டேன்.

நீ கோபப்பட்டதில் பிழையில்லை பிள்ளை. ஸ்டூவர்ட்டைக் கட்டப்போகிறேன், ஜூன் மாதம் இங்கிலாந்திலேயே, நியூகாசிலில் கலியாணம் என்று நீ சொன்ன நாளிலிருந்து அப்பா தான் வரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். வெள்ளைக்காரன் என்பது கூட அவருக்கு இரண்டாவது குறைதான். முதல் குறை, அந்தப் பிள்ளையோடு ரெலிபோனில் பேசி ஒரு சொல்லும் விளங்காமல் போனது. கொழும்பில் கந்தோரில் இருந்து அரசாங்கத்துக்கே இங்கிலீஷில் கடிதம் எழுதின மனுஷன் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு முழுசின முழுசலை நீ பார்த்திருக்க வேண்டும். வைத்த கையோடு, உவன் இங்கிலீஷ்காரனே இல்லை, ஆரோ நோர்வேக்காரன் எங்கடை பிள்ளையைப் பேய்க்காட்டுறான் என்று கத்தினார். அது ஜோர்டிப் பேச்சு, அந்தப் பக்கத்து ஆட்களுக்கும் அதுதான் பெயர், தன்னுடைய கிளினிக்கில் பல்லுக் காட்ட வருகிறவர்கள் வாயைத் திறந்துகொண்டு பேசினாலும் மூடிக்கொண்டு பேசினாலும் தனக்கு முதல் வருஷம் ஒன்றுதான் என்று சாம்பவி எழுதியிருக்கிறாள் என்று நான் சொன்னேன், கேட்கவில்லை. ஒஸ்லோவில் இருக்கிற உன் சின்னம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார். ஜோர்டிக்காரர் வீட்டை யெம், பிள்ளையை பார்ன் என்பதுபோல நோர்வேயிலும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்கிறார்கள் என்று அவள் சொல்ல, கேஸ் வென்ற அப்புக்காத்து மாதிரி இரண்டு நாள் வீட்டுக்குள் நடந்து திரிந்தார்.

பிறகுதான் எங்கள் ஆட்களின் வழக்கமான வருத்தம் அவரைப் பிடித்தது. என்ன ஊர், ஆர் பகுதி, தகப்பன் குடிகாரனோ என்று விசாரிக்காமல் யாழ்ப்பாணத்தான் ஒரு கோழிக்குஞ்சைக் கூட வாங்கமாட்டானே. இங்கிலாந்தில் ஆரிடம் விசாரிப்பது என்று யோசித்து, தன்னோடு படித்த பஸ்ரியன் நியூகாசிலுக்குப் பக்கத்தில், ஸ்டூவர்ட்டின் வீட்டார் இருக்கிற வோல்சென்ட்டிலேயே பேப்பர் கடை வைத்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். பஸ்ரியன் அங்கிளும் லேசுப்பட்டவர் இல்லை, சிகரெட் வாங்க வருகிற ஒவ்வொருவரையும் மறித்து ஸ்டூவர்ட்டின் குடும்பத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அந்த ஊர்ச் சனம் கேட்டதற்கும் மேலால் சொல்லியிருக்கிறது. தகப்பன் ரொனி கப்பல் கட்டுகிற இடத்தில் வேலை செய்தவர், அது மூடுப்பட்ட பிறகு பஸ் ஓடுகிறார், தாய் மொரீன் பள்ளிக்கூடத்தில் சமைக்கிறா, ரொனியின் தம்பி சண்டர்லண்ட்காரி ஒருத்தியைக் கட்டினதற்கு வீட்டில் பாதிப் பேர் கலியாணத்துக்கே போகவில்லையாம். நியூகாசிலுக்கும் சண்டர்லண்டுக்கும் நடுவில் பஸ்ஸில் ஏறி ஒரு குட்டித் தூக்கம் போடுகிற தூரம்தானாம், ஆனால் இங்கத்தே ஆளைப் பார்த்து நீ அங்கத்தேயோ என்று கேட்டால் அடி விழுமாம். இதைக் கேட்டதும் அப்பாவின் முகத்தில் முதல் தடவையாக ஒரு வெளிச்சம் வந்தது. அட, உதுகள் எங்களை மாதிரியே ஊர் பாக்கிற சனம் என்றார். ஆனால் அதற்குள் ரொனியே பேப்பர் வாங்க அந்தக் கடைக்குப் போக, பஸ்ரியன் அங்கிள் ஆள் தெரியாமல் அவரிடமே அவரைப் பற்றிக் கேட்டு, கதை உன் காதுக்கு வந்து, நீ எங்களைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டு ரெலிபோனை வைத்தாய். அவர்கள் முகத்தில் நான் எப்படி முழிப்பேன், அப்பா வரவும் வேண்டாம் என்று நீ சொன்னது இந்த மனுஷனுக்கு நன்றாகச் சுட்டது. ஆனால் புட்டு அவியவில்லை என்று என்னோடுதான் பாய்ந்தார்.

இனித்தான் விஷயமே இருக்கிறது, இருந்து வாசி. போன சனிக்கிழமை கீழே லோன்ட்ரி அறையில் உடுப்புகளை மெஷினில் போட்டுவிட்டுக் குந்தியிருந்தேன். தட்டைத் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர், எழுபது வயது வரும், உடுப்பு ஒன்றும் கையில் இல்லை, வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார். முதலில் என்னைப் பெட் என்று கூப்பிட்டார். ஸ்டூவர்ட் உன்னை அப்படிக் கூப்பிட்டது ரெலிபோனில் கேட்டு, என்ரை பிள்ளை என்ன நாய்க்குட்டியோ என்று அப்பா துள்ளினதும், அங்கே பஸ்காரனும் மீன்காரனும் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று நீ விளங்கப்படுத்தினதும் நினைவிருக்கும். அதனால் எனக்கு உடனே பொறி தட்டிவிட்டது. மனுஷன் மெல்லக் கதையைத் தொடக்கி, மேலே இருக்கிற இராஜரட்ணம் குடும்பத்தைத் தெரியுமா என்று என்னிடமே கேட்டார். பாதி விளங்கியது, மீதியை ஊகித்தேன். அந்தாள் எப்படி, முரடரோ, குடிக்கிறவரோ, வெள்ளைக்காரப் பொடியன் ஒருவன் மருமகனாய் வந்தால் மரியாதையாய் நடத்துவாரோ என்றெல்லாம் கேட்கிறார். ஒரு கட்டடத்தில் ஆரைப் பற்றியும் அறிய வேண்டுமென்றால் உடுப்புத் தோய்க்கிற இடத்துக்குத்தான் வர வேண்டும் என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறதே, அதற்கே ஒரு கும்பிடு போடலாம். நான் ஆரென்று சொல்லவில்லை. கொஞ்சம் தெரியும் என்றேன். அந்தாள் கத்தும், ஆனால் கை நீட்டாது, குடிப்பது விசேஷத்துக்கு ஒரு சொட்டு, அதற்கே நித்திரையாகிவிடும் என்று உள்ளதைச் சொன்னேன். அந்தாளின் மனுஷி தங்கமான மனுஷி என்றும் சேர்த்துவிட்டேன், கிடைத்த சந்தர்ப்பத்தை ஏன் விடுவான். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுச் செலீன் உள்ளே வந்து, மிஸிஸ் இராஜரட்ணம், உங்கடை மெஷின் நிண்டுட்டுது என்று சொல்லிவிட்டாள். கிழவரின் முகம் செத்தல் மிளகாய் மாதிரிச் சிவந்துபோயிற்று. பிறகு இரண்டு பேருக்கும் வந்த சிரிப்பில் செலீன் எங்களுக்கு என்ன பிடித்தது என்று பயந்துவிட்டாள்.

அவருக்குப் பெயர் அல்பேட். ரொனியோடு கப்பல் வேலையில் இருந்தவராம், இங்கே வந்து முப்பது வருஷம், எங்களுக்கு நாலு தெரு தள்ளித்தான் வீடு. முப்பது வருஷம் கனடாத் தண்ணீர் குடித்தும் நாக்கு இன்னும் அங்கேதான் கிடக்கிறது. மேலே கூட்டிக்கொண்டு போனேன். அப்பா சாரமும் கம்பளிச் சொக்ஸுமாய் ரிவிக்கு முன்னால் கிடந்தார். உங்களை விசாரிக்கப் பொடியன் பகுதி ஆள் அனுப்பியிருக்கு என்று சொன்னேன். பத்திரகாளி ஆடப்போகிறார் என்று நினைத்தால், என்னை விசாரிக்கவோ என்று எழும்பி அறைக்குள் போனார், காற்சட்டை சேட்டோடு தலையைச் சீவி இழுத்துக்கொண்டு வந்தார். அவருக்கு அவ்வளவு புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. எனக்குக் குசினிக்குள் வந்து, ஆள் விட்டு விசாரிச்சிருக்கினம் பேபி, அப்ப உவை ஒழுங்கான குடும்பம்தான் என்று காதுக்குள் சொன்னார். நீ எதை அவமானம் என்று ரெலிபோனை அடித்து வைத்தாயோ அதுதான் உன் அப்பாவுக்குப் பெரிய மரியாதையாய்ப் போயிற்று, என்ன செய்ய, அவர் அப்படி. பிறகு வடையும் தேத்தண்ணியுமாய் ஊர்க்கதை. அல்பேட் சண்டர்லண்டைத் திட்ட, அப்பா எங்கள் பக்கத்து ஊரைத் திட்ட, ஒருவர் சொல்வது மற்றவருக்கு அரைவாசிதான் விளங்கினாலும் எதைத் திட்டுகிறார்கள் என்பது இரண்டு பேருக்கும் நன்றாக விளங்கியது. விளங்காத இடத்தில் நான் புகுந்து இங்கிலீஷை இங்கிலீஷுக்கு மொழிபெயர்த்தேன், அதுவும் பாதி என் கற்பனைதான்.

போகிற நேரம் அல்பேட் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, தான் வந்த காரியத்தைச் சொல்லாமல் போகக்கூடாது என்றார். ரொனி கேட்டுவரச் சொன்னது குடியும் இல்லை, ஊரும் இல்லையாம். நீ ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டில் சாப்பிடப் போய், அங்கிருந்துதான் எங்களுக்கு ரெலிபோன் எடுப்பாயாம். எடுத்துவிட்டு மேசைக்கு வரும்போது கண் வீங்கியிருக்குமாம். என்ன பெட் என்று கேட்டால் ஒன்றும் இல்லை, தடிமன், மூக்கு ஒழுகுது என்பாயாம். இந்தப் பிள்ளையை ஒவ்வொரு கிழமையும் அழவைக்கிற தகப்பன் எப்படிப்பட்டவன் என்று பார்த்து வா, கெட்டவன் என்றால் சொல்லு, கலியாணத்தன்று நானே அவளுக்குத் தகப்பனாய் நின்று மாப்பிள்ளையிடம் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று ரொனி சொல்லிவிட்டாராம். அந்த இடத்தில் மட்டும் அல்பேட் நிறுத்தி நிறுத்திச் சொன்னார், என்னுடைய உதவி தேவைப்படவில்லை. அப்பாவுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

அப்பா கதிரையை விட்டு எழும்பினார். பிறகு, நான் இன்னும் சாகேல்லை எண்டு அவருக்குச் சொல்லுங்கோ என்று தமிழிலேயே அல்பேட்டுக்குச் சொல்லிவிட்டுக் கோட்டும் போடாமல் பல்கனிக்குப் போய்விட்டார். நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். அல்பேட் தொப்பியைப் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். எனக்கும் அழுகை வந்தது பிள்ளை, மறைப்பானேன், நீ அங்கே அழுதாய் என்பதை ஒரு பஸ் ஓடுகிறவர் சொல்லித்தான் நாங்கள் அறிய வேண்டியிருந்தது என்று எனக்கே என் மேல் வெட்கமாய் இருந்தது. அடுத்த நாள் காலையில் அப்பா கோட் சூட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தார், வயிறு விடவில்லை, இன்றைக்குத் தைக்கிறவனிடம் கொண்டுபோய்க் குடுத்துவிட்டு வந்தார். ஜூன் மாதத்துக்குள் வேண்டும் என்று சொல்லிக் குடுத்தாராம்.

நீ பனியில் தலையைத் திறந்துகொண்டு திரியாதே, அந்த ஊர்ப் பெட்டைகள் குளிருக்குக் கோட்டுப் போடமாட்டார்கள் என்று எழுதியிருந்தாய், அவர்களுக்கு அது பழக்கம், உனக்கு மூச்சு இழுக்கிற தொய்வு வருத்தம் இருக்கிறது. சோறு சமைத்துச் சாப்பிடு. மொரீனுக்கு மிளகாய்த்தூள் ஒரு பார்சல் அனுப்புகிறேன், ரொனிக்கு என்னுடைய வணக்கத்தைச் சொல்லு. நீயும் ஸ்டூவர்ட்டும் நோய் நொடியில்லாமல், ஒருவருக்கொருவர் துணையாய் நீண்டகாலம் வாழ வேண்டும் என்று நான் முழுமனதோடு ஆசீர்வதிக்கிறேன்.

ஒன்றை மறக்காதே, வருகிற ஞாயிற்றுக்கிழமை ரெலிபோன் எடு. அப்பாதான் எடுப்பார், இப்போதே அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறார். அவருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது, சாப்பிட்டியோ என்று மட்டும் கேட்பார். சாப்பிட்டேன், அம்மாவிடம் குடுங்கோ என்று சொல்லிவிடாதே, அவரோடு கதை. அழுகை வந்தால் அடக்கிக்கொண்டு வைத்துவிட்டு அவர்கள் மேசையில் போய் இருக்காதே, இந்த முறை அப்பாவுக்குக் கேட்க அழு.

இப்படிக்கு
உன் அன்பு அம்மா
பேபி இராஜரட்ணம்