மணற்பெட்டியின் ஏணியடியில் இரண்டு சப்பாத்துகள்

உம்முடைய சப்பாத்துகள் இன்று காலை திரும்பி வந்தன. விசாரணை அலுவலகம் பரிசோதனையை முடித்து அவற்றை விடுவித்துவிட்டதை, நான் கேட்டதற்கு, வக்கீல் தொலைபேசியில் உறுதிப்படுத்தினார். போய் வாங்கி வந்தவர் உம்முடைய மனைவி. நீர் இருந்திருந்தால், "பேப்பர்காரருக்குச் செத்தவீட்டிலையும் ஆர் சொன்னது, எப்ப சொன்னது எண்டதுதான் முதல் கேள்வி" என்று சிரித்திருப்பீர்.

மேசையில் பழைய நாளிதழை விரித்து அவற்றை வைத்தோம். முனையில் இரும்பு வைத்த வேலைச் சப்பாத்து. நாடா கடைசித் துளைவரை தளர்த்தப்பட்டிருக்கிறது. காலுறைகள் மடித்து உள்ளே செருகப்பட்டிருக்கின்றன. முற்றத்தில் மணற்பெட்டியின் ஏணியடியில் அப்படியே இருந்தபோது எடுத்த படமும் கோப்பில் உண்டு என்கிறார் வக்கீல். கைவிளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தேன். மணல் இல்லை.

நீர் லொறி ஓட்டிய கம்பனியின் அறிக்கை வேறு சொல்கிறது. யாரும் கேட்காமல், வேடிக்கை பார்க்க நீர் ஏணியில் ஏறினீராம். சறுக்கிப் பெட்டிக்குள் விழுந்தீராம். சப்பாத்துகள் மீட்கும்போது கழன்றவையாம். மணலுக்குள் புதைந்தவரின் சப்பாத்தில் ஒரு மணியும் இல்லை. உயிரைக் காப்பாற்ற ஓடி வந்து காலுறையை மடித்து வைக்கும் மீட்பாளரை என் தொழிலில் இன்னும் நான் சந்திக்கவில்லை.

அந்த முற்றத்துக்கு நான் முதலில் வந்தது செய்திக்காக. பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கும் கிணறுகள் நாம் பிழைக்க வந்த இந்த இத்தாலியத் தீவில் இல்லை. அவை கடல்கடந்த நாடுகளில் இருக்கின்றன. பிளவு மூடிக்கொள்ளாமல் இருக்க அதற்குள் மணலைத் திணிப்பார்கள். அந்த மணலைக் கிணற்றடிக்குக் கொண்டுபோகும் கடைசி மண்பாதையில்தான் லொறிகள் தேங்குகின்றனவாம். தாங்கியிலுள்ள மணலைக் குழாயால் ஊதி இறக்கி முடியும்வரை சாரதி புழுதிக்குள் காத்திருக்க வேண்டும். அதற்கு மாற்றாகக் கம்பனிக்காரர் இரும்புப் பெட்டிகள் செய்து, அங்கே அனுப்புமுன் இங்கே பலெர்மோத் துறைமுகத்திலிருந்து மலைப்பாதையால் ஏற்றிப் பரிசோதித்தார்கள். நிறைந்த பெட்டியை இறக்கிவிட்டு வெறும் பெட்டியோடு திரும்பலாம். அடிக்கதவைத் திறந்தால் மணல் தன் பாரத்தாலேயே கொட்டும். நானும் அப்படித்தான் எழுதினேன். சொன்னது கம்பனி என்பதையும் சேர்த்தே எழுதினேன்.

உமக்கும் அது முதலில் பிடித்திருந்தது. பிறகு ஒரு ஞாயிறு மதியம், வுச்சீரியாச் சந்தையில், பனெல்லே என்ற கடலைமாப் பொரியல் வைத்த பாணைப் பிய்த்துக்கொண்டே சொன்னீர்: "முந்தி லொறி காத்துக்கிடந்தது, ஐசே. இப்ப பெட்டி காத்துக்கிடக்குது."

"ஏன்?"

"கடற்காத்துப் பட்ட மண். ஈரத்திலை மூலையிலை இறுகி நிக்குது. பெட்டி வெறுமையாகாட்டி நான் எதைக் கொண்டு திரும்பிறது? ஆரும் மேலாலை இறங்கிக் குத்திவிட வேணும்."

"ஆர் இறங்கிறது?"

"உதையும் பேப்பரிலை போடப்போறீரோ?"

"முதல்ல சொல்லும்."

"பாண் ஆறுது, தின்னும்" என்றீர். நன்றாகக் கதைக்கிற மனிதர் பாணுக்குள் ஒளிந்துகொண்டது எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த கிழமை திரும்பவும் முற்றத்துக்கு வந்தபோது விடை கிடைத்தது. ஏணியடியில் குந்தியிருந்து சப்பாத்தைக் கழற்றினீர். காலுறையை மடித்து உள்ளே செருகினீர். கம்பியொன்றைத் தோளில் வைத்து வெறுங்காலோடு ஏறினீர். ஊரில், வன்னியில் நெல் லொறி ஓட்டிய காலத்துப் பழக்கம். சுமைக்கு மேலே செருப்போடு ஏறமாட்டீர்.

"இது நெல்லோ, ஐசே? வெறும் மண்" என்றேன்.

"ஏத்தினாப் பிறகு எல்லாம் சுமைதான். சோறு போடுறது இப்ப இதுதானே?"

அப்போதுதான் மேற்பார்வை பார்க்கும் கப்போ தன் தகரக் கொட்டிலிலிருந்து எட்டிப் பார்த்து, "ஸ்கார்ப்பே! ஸ்கார்ப்பே!" என்று கத்தினார். சப்பாத்து, சப்பாத்து என்று. நீர் மேலிருந்து கையை அசைத்துச் சிரித்தீர். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

இப்போது அந்தக் காட்சியை மெல்ல ஓட்டிப் பார்க்கிறேன். அவர் சப்பாத்தைப் போடு என்றார். உள்ளே போகாதே, கீழே இறங்கி வா என்று சொல்லவில்லை.

சும்மா எட்டிப் பார்க்க ஏணியில் ஏறிய வேளைகளில் நீர் சப்பாத்தைக் கழற்றி நான் கண்டதில்லை. ஆகவே இறந்த அன்றும் நீர் பெட்டிக்குள் இறங்கி வேலை செய்யவே போனீர். இந்தச் சப்பாத்துகள் அதுவரைதான் சொல்லும். யார் அனுப்பியது என்பதை அவை சொல்லா. ஒருவேளை நீராகவே இறங்கியிருக்கலாம்; லொறி நிற்பது உமக்குப் பொறுக்காது. உம்மில் அன்பு இருக்கிறது என்பதற்காக அந்தச் சந்தேகத்தை நான் அழிக்க மாட்டேன்.

அன்று முற்றம் கூட்டிக்கொண்டிருந்த மன்னார்க்காரர், செத்தவீட்டில் என் காதோடு சொன்னார்: "கப்போதான் கூப்பிட்டவர், அண்ணை. பெட்டி இறுகிப்போச்சு, ஏறிக் குத்திவிடு எண்டு. என்ரை காதாலை கேட்டனான். ஆனா என்னை இழுத்துப்போடாதேங்கோ, வதிவிடப் பெர்மெசோ புதுப்பிக்கக் குடுத்திருக்கிறன்." பிறகு அவராகவே மனம் மாறி வக்கீலிடம் பெயர் கொடுத்தார். பெயர் கொடுத்த சூட்டோடு பொலிதேயாமாப் பக்கம் ஓர் அலுவலகத்தில் அவருக்குத் துப்புரவு வேலை கிடைத்தது. யார் பிடித்துக் கொடுத்தது என்று கேட்டேன். "கோயில் ஆக்கள்" என்றார். பங்குக் கோயிலில் விசாரித்தேன். அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. இப்போது என் அழைப்பை அவர் எடுப்பதில்லை.

உம்முடைய மனைவி சப்பாத்துகளுக்கு அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "அண்ணை, கம்பனி எழுதினது இத்தாலியனிலை கிடக்கு. நான் வாசிக்கமாட்டன். மகள் வாசிப்பாள். அப்பா விடுப்பு வேடிக்கை பாக்கப்போய்ச் செத்தவர் எண்டு அவள் வாசிக்கக்கூடாது. எனக்கு அந்த ஒரு வரி மாறவேணும்."

சப்பாத்தின் விளிம்பில் காய்ந்த சேறு இருக்கிறது. "கழுவட்டோ?" என்று கேட்டார்.

"எங்கடை பக்கத்து நிபுணர் பாக்குமட்டும் பொறுங்கோ, தங்கச்சி."

நிபுணர் வருகிற வாரம் வருவார். வழக்கு பாஸ்குத் திருநாள் கழிந்த இரண்டாம் வாரத்தில் எடுக்கப்படும் என்று வக்கீல் சொல்கிறார். மன்னார்க்காரர் வருவாரா என்பது அன்றுதான் தெரியும். என்னையும் சாட்சியாக அழைத்திருக்கிறார்கள். இத்தனை வருடமும் வழக்குகளை நீதிமன்றத்தின் பின்வரிசை வாங்கிலிலிருந்து எழுதியவன், இம்முறை முன்னால் போய் நிற்பேன். கொண்டுபோக என்னிடம் இருப்பது அந்தக் கப்போவின் ஒரே ஒரு சொல்: ஸ்கார்ப்பே. அதை அவர் கத்திய அதே உரத்த குரலில் சொல்லிக் காட்டுவேன். பிறகு, அவர் சொல்லாமல் விட்டதையும் சொல்வேன்.