சிவப்பில் நின்ற பேட்டரி

செவ்வாய்க்கிழமை

தாயில்பட்டி பட்டாசு கம்பெனியில் மண் தோண்டும் எங்கள் பொக்லைன், தினமும் மதியம் ஒரு மணி நேரம் வேலையில்லாமல் இன்ஜின் ஓடியபடியே நிற்பதாக ஜிபிஎஸ் ரிப்போர்ட் சொன்னது. இன்று நேரில் போய் ஆபரேட்டர் செல்வராஜிடம் சத்தம் போட்டேன்.

“ஏசி போட்டுத் தூங்கவா அண்ணாச்சி டீசல் ஊத்துறோம்?”

மண் ஏற்ற வந்திருந்த லாரி டிரைவர்கள் சிரித்தார்கள். அவர் தலை குனிந்து நின்றார். எல்லாரும் போனபின் பக்கத்தில் வந்தார்.

“பேட்டரி செத்துப்போச்சு தம்பி. காலையில எரவல் பேட்டரி வச்சுக் கெளப்புறேன்; சாப்பாட்டு நேரத்துல அமத்துனா திரும்ப ஸ்டார்ட் ஆகாது. அப்பவே மெசேஜ் போட்டேனே.”

போனில் தேடிப் பார்த்தேன். என் மனைவி மீனா இறந்த பதினாறாம் நாளில் வந்திருக்கிறது. நான் திறக்கவே இல்லை. அதே ரிப்போர்ட்டில் பேட்டரி எச்சரிக்கையும் தினமும் சிவப்பாக இருந்திருக்கிறது.

“அந்த நெலமையில நீங்க எதப் பாப்பீக? விடுங்க.”

நான் திட்டியது எல்லாருக்கும் கேட்டது. அவர் இதை எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.