கத்தார் நேரம்

உயிலங்குளம்,
திங்கட்கிழமை.

அன்புள்ள அபிசாவின் அப்பாவுக்கு,

வேணுஜா எழுதிக்கொள்வது. நானும் பிள்ளையும் நலமாக இருக்கிறோம். நீங்களும் நலமாக இருப்பதை நேற்று என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். அதனால் உங்கள் நலமறிய ஆவல் என்று எழுதவில்லை.

உறையில் பிரசாந்தன் என்று எழுதினால் நீங்கள் இருக்கிற அந்த மீன் வாடியில் யாருக்கும் தெரியாது. கொலின்ஸ் என்றே எழுதியிருக்கிறேன். வேறு யாருடைய புருசனுக்கோ எழுதுவது போல இருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். தம்பி யதுசன் புது மோட்டார் சைக்கிள் வாங்கியதிலிருந்து எங்காவது தூரப் போகவேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தான். தலைமன்னார்ப் பக்கம் சனமே போகாத ஒரு கடற்கரை இருக்கிறதாம், கூட்டாளிமார் படம் போட்டிருக்கிறார்களாம். எனக்கு மனமில்லை. அபிசாதான் விடவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் கத்தாரில்தானே அப்பா இருக்கிறார், போய்க் கை காட்டவேண்டும் என்று அழுதாள். அவளை முன்னால் வைத்து, நான் பின்னால் இருந்து, மன்னார்ப் பாலத்தைத் தாண்டிப் போனோம். வழியில் நின்ற கழுதைகளுக்கெல்லாம் பிள்ளை கை காட்டினாள். பேசாலைக்கு அப்பால் வீதியை விட்டு இறங்கி, பனங்கூடலுக்குள்ளால் மணலில் உருட்டித்தான் கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். நானும் கனகாலத்துக்குப் பிறகு சிரித்துக்கொண்டிருந்தேன்.

கரையில் மீன் காயப்போடுகிற வாடி ஒன்றுதான் இருந்தது. அதன் ஓலைக் கொட்டிலுக்கு முன்னால் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு கருவாட்டுச் சாக்குகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கடற்கரை ஆட்கள் சாக்கைச் சுவர் மாதிரி நீளத்துக்கு அடுக்குவார்கள். இவரோ வட்டமாக, சாக்கின் வாயெல்லாம் உள்ளே பார்க்க, மேலே போகப் போக ஒடுக்கிக்கொண்டு அடுக்கினார். நம் களத்தில் நெற்கட்டுகளை நீங்கள் குவித்து அடுக்கிச் சூடு வைப்பது அப்படித்தான். கருவாட்டுக்குச் சூடு வைக்கிற மனிதன் இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறான்? மெலிந்து கறுத்து, தலையில் துவாயைக் கட்டியிருந்தால் எனக்குத் தெரியாதா?

அந்த நேரம் அபிசா தண்ணீர் ஓரத்தில் நின்று, அப்பா அப்பா என்று கடலைப் பார்த்துக் கை காட்டிக்கொண்டிருந்தாள். நீங்கள் அவளுக்குப் பின்னால் நின்றீர்கள். திரும்பினீர்கள். பிறகு ஒரு சாக்கைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கொட்டிலுக்குள் போனீர்கள். அவளைக் கண்டுதான் போனீர்களா, இல்லை, காற்றில் குரல் கேட்கவில்லையா? நேற்றிலிருந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தண்ணீர் கேட்கிற சாட்டில் வாடிக்கார றஞ்சிதம் அக்காவிடம் போனேன். கேளாமலே சொன்னார். பெயர் கொலின்ஸாம், மடு மாதா திருவிழா முடிந்த கையோடு வந்த ஆளாம், வேலையில் ஒரு குறையும் இல்லையாம், ஆனால் செபமாலை நேரம் வாயை மட்டும்தான் அசைக்குமாம். வெள்ளிக்கிழமைகளில் குளித்து, நல்ல சட்டை போட்டு, மணல்மேட்டில் ஏறி நின்று போன் கதைக்குமாம். பிறகு குரலைத் தாழ்த்தி, "கதைச்சு முடிச்சா அண்டைக்கு அந்தத் தம்பி சோத்தைத் தொடாது, பிள்ளை," என்றார்.

அதுவரை உங்களை அந்த இடத்திலேயே வைத்துக் கிழிக்கவேண்டும் என்றுதான் நின்றேன். அதைக் கேட்ட பிறகு முடியவில்லை. வயிற்றுவலி என்று யதுசனைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். தூரத்தில் படம் எடுத்துக்கொண்டு நின்ற அவனுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

கோபம் ஆறிவிட்டது என்று நினைக்காதீர்கள். டோகாவில் மணற்காற்று என்று போன் வீடியோவில் பின்னால் மணலைக் காட்டினீர்கள். மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கோ என்று நானும் ஒரு மடைச்சி சொன்னேனே. பிள்ளைக்காகக் கத்தார் நேரத்துக்கு ஒரு மணிக்கூடு வாங்கிச் சுவரில் மாட்டினேன். அவள் அதைப் பார்த்துத்தான் இப்போது அப்பா நித்திரை, இப்போது அப்பா சாப்பிடுகிறார் என்று சொல்லுவாள். நீங்கள் அவள் நித்திரை கொள்கிற அதே நேரம் நித்திரை கொண்டிருக்கிறீர்கள். மீன்கார சாகுல் ஹமீட் நானா அந்தப் பக்கத்துக் கருவாடு என்று கொண்டுவந்ததை நாங்கள் பொரித்துச் சாப்பிட்டோம். அது நீங்கள் அடுக்கியதாகவும் இருந்திருக்கும்.

கொழும்பில் ஏஜென்சிக்காரன் கைவிட்டானா, விமான நிலையத்தில் மறித்தார்களா, எனக்குத் தெரியாது. மாலை போட்டு, கொழும்புக்கு வான் வண்டி பிடித்து அனுப்பிய ஊருக்கு எந்த முகத்தோடு திரும்புவது என்று கூசியிருப்பீர்கள். ஊர் நாலு நாள் கதைக்கும், பிறகு வேறு கதை பிடிக்கும். எனக்கும் கூசினீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. போனில் கேட்டால் நீங்கள் மறுபடியும் டோகாவுக்கே போய்விடுவீர்கள். அதனால்தான் எழுதி, சாகுல் ஹமீட் நானாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

வயல் விளைந்து நிற்கிறது. அரிவி வெட்டுக்கு ஆள் இல்லை. றஞ்சிதம் அக்காவிடம் உண்மைப் பெயரைச் சொல்லி, கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வெளிக்கிடுங்கோ. இவ்வளவு நாளும் உங்களுக்குச் சோறு போட்ட மனுசி. திருக்கேதீச்சர நாதர் உங்களை வழி நடத்தட்டும்.

தான் கை காட்டியது அப்பாவுக்குத் தெரிந்ததா என்று வெள்ளிக்கிழமை கேட்க அபிசா காத்திருக்கிறாள். அதற்குப் போனில் பதில் சொல்லவேண்டாம். இன்று காலையில் அந்த மணிக்கூட்டை நம் நேரத்துக்கு மாற்றி வைத்தேன். ஏன் என்று கேட்டாள். அப்பா வெளிக்கிட்டுவிட்டார் என்று சொல்லிவிட்டேன். என்னையும் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
வாசலைப் பார்த்தபடி,
உங்கள் வேணுஜா.