டேங்க் மூடியில் ஒரு துளை

என் வீட்டு அதிகாரிக்கு,

உன் முதுகுவலியும் அப்பாவின் இருமலும் குறைந்ததா? நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். இதை முதலில் நம்பிவிட்டு மேலே படி.

நேற்று பட்டறைக்கு ஒரு பழைய கார் வந்தது. கொஞ்ச தூரம் ஓடும், நின்றுவிடும். ஆறப்போட்டால் மறுபடி கிளம்பும். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன், பில்டரை மாற்றினேன். பம்பும் நன்றாகவே இருந்தது. சரியாகிவிட்டதென்று, கார்க்காரரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன். பாழாய்ப்போனது, ரயில் தண்டவாளத்தின் மேல் போய் நின்றது. கேட் மணியும் அடிக்க ஆரம்பித்துவிட்டது.

"விட்டுட்டு ஓடிரலாம்ப்பா!" என்றார் அவர்.

"தள்ளுங்க சார், தள்ளுங்க!"

தள்ளிவிட்டோம். ரயில் எங்கள் முதுகுக்குப் பின்னால் போனது.

பெட்ரோல் டேங்க் மூடியைத் திருகித் திறந்தேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. பெட்ரோல் குறையக் குறையக் காற்று போகவேண்டிய துளையை, வாடை அடிக்கிறதென்று அவரே பசை வைத்து அடைத்திருக்கிறார்! உள்ளே காற்று போகாமல் எஞ்சினுக்குப் பெட்ரோல் எப்படி வரும்?

முதலாளி கூப்பிடுகிறார். இங்கே என் படுக்கைகூட பெட்ரோல் வாடைதான். தலையணை உறை ஒன்று அனுப்பு. புதிது வேண்டாம். உன் தலையணையில் போட்டிருப்பதைக் கழற்றி, துவைக்காமல் அனுப்பு.

உன் கிரீஸ் கைக்காரன்