காப்புக் கையும் மாத்திரையும்

செவ்வாய், இரவு.

டாக்டரின் அறையில் நான், என் வீட்டுக்காரர், அவருடைய அண்ணன் மூவரும் இருந்தோம்.

"வளர்ந்துகிட்டே இருன்னு ஓயாம சேதி வர்றதால, சாக வேண்டிய செல்லும் சாகாம உங்க நுரையீரல்ல கட்டியாயிருச்சு. இந்த மாத்திரை அந்தச் சேதியை அடைச்சிரும். அப்புறம் அதுங்க தானாவே செத்துரும்" என்றார் டாக்டர் என் வீட்டுக்காரரிடம்.

"எங்க தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குத் தம்பி காப்புக் கட்டியிருக்கான். இப்ப எந்த உயிரையும் கொல்லக் கூடாதுங்க" என்றார் அண்ணன்.

"நாம கொல்லலைங்களே" என்றார் டாக்டர்.

"சேதியை அடைக்கிறதும் சோத்தை நிறுத்துறதும் ஒண்ணுதானே, அப்படிச் சாகடிச்சா அது கொலை இல்லையா?" என்றார் அண்ணன்.

இவரும் தலையாட்டிவிட்டு, மாத்திரை வாங்காமலே எழுந்து வந்துவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை.

திருவிழா முடிவில் கிடாய் வெட்டப்போவதும் இதே அண்ணன்தான். அதுவரை கட்டியும் விரதம் இருக்குமா?

மாரித் தாயே, இவர் கைக்காப்பை நானே அவிழ்க்கட்டுமா? சீக்கிரம் பதில் சொல்.